நாற்பத்திரண்டு கேள்விகளும் ஒரு நாயும்

ரோஸ்விதா பெங்கேயின் பெட்டி இருபத்திரண்டு கிலோ. அதில் ஒன்பது கிலோ நாய்த்தீனி. அது போக, பூச்சி மாத்திரை, உண்ணி பிடுங்கும் இடுக்கி, மடக்குக் கிண்ணம் மூன்று, நாலு அளவில் கழுத்துப்பட்டை. மிச்சமிருந்த சந்தில் இரண்டு கவுன்களும் ஒரு நீச்சல் உடையும் ஒண்டிக்கொண்டு வந்தன. கிரேக்கக் கடற்கரைக்கு இரண்டு வாரம் ஓய்வெடுக்கப் போகிறவள் கட்டும் மூட்டையா இது என்று விமான நிலையத்திலேயே அவளுடைய தம்பி எக்கார்ட் கேட்டுவிட்டான்.

"சும்மா பார்க்கத்தான் போறேன். தொடக்கூட மாட்டேன்," என்றாள் ரோஸ்விதா.

"பார்க்கறதுக்கு எதுக்கு ரோசி ஒன்பது கிலோ?"

நியாயமான கேள்வி. ஊர் ஊராகச் சுற்றியவள்தான், ஆனால் சுற்றிய லட்சணம் அவளுக்கே தெரியும். லிஸ்பனில் அவள் பார்த்தது மீன் சந்தைக்குப் பின்னால் இருந்த பதினான்கு பூனைகளை. கோட்டை ஒன்று இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். சிசிலியில் எரிமலை இருந்ததாம். இருந்திருக்கும், அந்தப் பக்கம் நாய்கள் இல்லை. இந்தக் கிரேக்க ஊரையும் அவள்தான் தேர்ந்தெடுத்தாள். சேர்ந்து எங்கேயாவது போய் வரலாமா என்று கேட்டது எக்கார்ட். கடல் நன்றாக இருக்கும் என்று சொல்லி அவனை இங்கே இழுத்து வந்தது அவள். கடல் நன்றாகத்தான் இருந்தது. அவளுடைய சங்கத்துக்கு அந்த ஊரில் ஒரு ஆள் இருந்ததைத் தம்பியிடம் அவள் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தெற்கிலிருந்து வரும் தெருநாய்களுக்கு ஜெர்மனியில் வீடு பார்த்துக் கொடுக்கும் இருபது பேர். காஸல் நகரத்து ஓய்வூதிய அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் படிவங்களோடு குடித்தனம் நடத்திய ரோஸ்விதாவைச் சங்கத்தார் சும்மா விடுவார்களா? நாய் கேட்டு விண்ணப்பிக்கிறவர்களின் வீட்டைச் சோதிக்கும் வேலையை அவள் தலையில் கட்டினார்கள். அவளும் கட்டிக்கொண்டாள், நாற்பத்திரண்டு கேள்விகளோடு ஒரு படிவமும் எழுதினாள். அளவு நாடாவும் கையுமாக வீடு வீடாகப் போனாள். வெள்ளை சோபா வைத்திருந்த ஒரு தம்பதிக்கு நாய் கிடையாது என்றாள், வெள்ளை சோபாக்காரர்களுக்குச் சேற்றுக்கால் ஆகாது என்பதால். ஒரு பல் மருத்துவரின் வேலி நாலு விரற்கடை குட்டையாக இருந்தது, அவருக்கும் கிடையாது. முதுகுக்குப் பின்னால் அவளைச் சுங்கச்சாவடி என்றார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதை இப்போது நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வருகிறது.

அந்த நாயை அவள் பார்த்தது வாசோவின் உணவகத்தில், இரண்டாம் நாள் காலை. செம்மண் நிறம். ஒரு காது நிமிர்ந்திருந்தது, மற்றது மடிந்திருந்தது. முதல் மேசையில் ஆரம்பித்து ஒவ்வொரு மேசையாக வந்து, மோந்து, ஆளை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்து, சரிப்படாது என்று அடுத்ததற்கு நகர்ந்தது. ஆறாவது மேசை ரோஸ்விதாவுடையது. நாய் அவளை மோந்தது, ஏறிட்டுப் பார்த்தது, அவள் கால்மேல் உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் அல்ல, கால்மேல்.

காலில் உட்காரும் நாய் எல்லார் காலிலும் உட்காரும், அதில் மயங்கி ஏமாறாதீர்கள் என்று சங்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ரோஸ்விதா வகுப்பெடுப்பது வழக்கம். இரண்டு நிமிடத்தில் அவளே ஏமாந்து போனாள்.

வாசோ காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். ஸ்டுட்கார்ட்டில் பதினெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஐம்பத்தைந்து வயதுக்காரி. சங்கத்தின் உள்ளூர் ஆள் அவள்தான். ஜெர்மன் சரளமாகப் பேசுவாள், வாய் அதைவிடச் சரளம். அம்மணி என்பதற்கு மட்டும் 'கிரியா' என்ற கிரேக்கச் சொல்தான்.

"இந்தக் கஸ்தானா நாய் எல்லார் கால்லயும்தான் உக்காரும், கிரியா ரோசி. நேத்து ஒரு பெல்ஜியம்காரர் கால்ல உக்காந்துச்சு. முந்தாநேத்து கறிக்கடைக்காரன் கால்ல."

"எனக்குத் தெரியாதா? இதைப் பத்தி நான் வகுப்பே எடுத்திருக்கேன்."

"அப்புறம் ஏன் கண்ணு கலங்குது?"

"கடல் காத்து."

"காத்தே இல்லையே," என்றான் எக்கார்ட். அவன் தன் நாற்காலியை இரண்டு மீட்டர் தள்ளிப் போட்டு, இரண்டு கால்களையும் மேலே தூக்கி வைத்திருந்தான். அறுபத்து மூன்று வயது ஆள், முப்பது வருடம் பேருந்து ஓட்டியவன், யாருக்கும் பயந்தவன் இல்லை. நாய் என்றால் மட்டும் சின்னப் பிள்ளை ஆகிவிடுவான். அவனுக்கு ஐந்து வயதில் அடுத்த வீட்டு ஓநாய்க்குட்டி போன்ற நாய் ஒன்று அவன் பின்பக்கத்தைப் பதம் பார்த்திருந்தது. அந்த வீட்டுக் கதவைத் திறந்துவிட்டது ஒன்பது வயது ரோஸ்விதா. நாயைத் தடவிக் கொடுக்க ஆசைப்பட்டாளாம்.

வாசோ அன்று சொன்ன விஷயம்தான் ரோஸ்விதாவின் ஓய்வைக் கெடுத்தது. மாதக் கடைசியில் உணவகத்தை மூடிவிட்டு அவள் மகள் வீட்டுக்குப் போய்விடுவாள். அது மூன்றாவது மாடி, நாயைச் சேர்க்க மாட்டார்கள். குளிர்காலத்தில் இந்தக் கரையில் நாய்க்குச் சோறு போட ஆள் இல்லை. போன குளிர்காலத்தில் யாரோ விஷம் தடவிய இறைச்சியைப் போட்டு வைத்ததில் கஸ்தானாவோடு சுற்றிய இரண்டு நாய்கள் செத்துப் போயின. ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் வண்டி வடக்கே கிளம்புகிறது. அதை விட்டால் அடுத்த வண்டி மார்ச்சில்.

"ஹானோவர்ல ஒரு குடும்பம் கடைசி நேரத்துல பின்வாங்கிட்டாங்க. ஒரு கூண்டு காலியா இருக்கு," என்றாள் வாசோ. "சனிக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள காகிதமெல்லாம் போயாகணும். ஆள் கெடைச்சா போகும். இல்லேன்னா இங்கதான்."

ரோஸ்விதா மூன்று நாள் தொலைபேசியும் காதுமாக இருந்தாள். கடலில் ஒரு தடவைகூட இறங்கவில்லை. யாரும் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை, கஸ்தானா வழக்கம்போல அவள் கால்மேல் உட்கார்ந்திருந்தபோது, "நானே எடுத்துக்கறேன்," என்று அவள் வாய் சொல்லிவிட்டது. நாலு வருடத்துக்கு முன் அவளுடைய கடைசி நாய் செத்தபோது, இந்த வயதில் இனி வேண்டாம் என்று பெருந்தன்மையாக அறிவித்தவளும் அவளேதான். சொல்லி முடித்த பிறகுதான் படிவம் ஞாபகத்துக்கு வந்தது. விண்ணப்பிக்கிறவர் சங்கத்தின் தலைவராகவே இருந்தாலும் வீட்டுச் சோதனை உண்டு என்பது விதி. அந்த விதியை எழுதியது யார் என்று சொல்ல வேண்டுமா?

வீட்டுச் சாவி அன்னெகிரெட்டிடம் இருந்தது. சங்கத்துத் தோழி, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக ரோஸ்விதாதான் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். பத்து வருடமாக நீ, வா, போ என்று பேசுகிறவள். அன்று மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்து கூப்பிட்டதும் அவள் குரலே வேறாக இருந்தது.

"திருமதி பெங்கே, வணக்கம். இப்ப நான் உங்க வீட்டுல இருக்கேன். ஆரம்பிக்கலாமா?"

"என்னடி திடீர்னு நீங்க, நாங்க?"

"சோதனை நேரத்துல விண்ணப்பதாரரை நீன்னு பேசக்கூடாது, திருமதி பெங்கே. நீங்க போட்ட விதி."

எக்கார்ட் தொலைபேசியின் ஒலிபெருக்கியை அமுக்கிவிட்டு வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான். விடுமுறைக்கு வந்த பிறகு அவன் முகத்தில் முதல் தடவையாக ஒரு களை.

"கேள்வி ஒன்பது. பால்கனிக் கம்பிகளுக்கு நடுவுல எட்டு சென்டிமீட்டருக்கு மேல இருக்கக்கூடாது. உங்களது பதினொண்ணு."

"அதுக்கு வலை கட்டிடலாம்."

"பத்தொன்பது. நாய்க்கு விஷமான செடிகள். அரளி ரெண்டு தொட்டி, லில்லி மூணு. இருபத்தேழு. வரவேற்பறை சோபா." அன்னெகிரெட் கொஞ்சம் நிறுத்தினாள். "வெள்ளை."

"வெள்ளையா? அது சந்தன நிறம்!"

"படிவத்துல சந்தன நிறத்துக்குக் கட்டம் இல்லை, திருமதி பெங்கே. வெள்ளை, வெள்ளை அல்ல. ரெண்டே கட்டம்தான்."

எக்கார்டுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. ரோஸ்விதாவுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அந்த வெள்ளை சோபாத் தம்பதியின் ஞாபகமும் வந்தது. அந்தப் பெண் வாசல்வரை வந்து, உறை போட்டுக்கொள்கிறோம் என்று கெஞ்சியிருந்தாள். உறை கழன்றுவிடும் என்று ரோஸ்விதா சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

"உறை போட்டுக்கறேன்," என்றாள் இப்போது.

"குறிச்சுக்கறேன். வலை, செடி, உறை, மூணும் நிபந்தனை. கடைசியா முப்பத்தொண்ணு." அன்னெகிரெட்டின் குரல் இறங்கியது. "உங்களுக்கு அறுபத்தேழு, திருமதி பெங்கே."

முப்பத்தொன்றாம் கேள்வியை ரோஸ்விதா எழுதியபோது அவளுக்கு வயது ஐம்பத்து நாலு. அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் எல்லாம் அப்போது அவளுக்குக் கிழங்கள். விண்ணப்பதாரர் இறந்தாலோ, படுத்துவிட்டாலோ நாயை யார் எடுத்துக்கொள்வார்? அவர் அறுபத்தைந்துக்குக் கீழே இருக்க வேண்டும். சும்மா பெயரை எழுதி ஏமாற்றிவிடக்கூடாது என்பதற்காக, அந்தப் பொறுப்பாளர் சங்கத்து ஆளின் கண்முன்னால் நாயை அரைமணி நேரம் கையில் பிடித்து நடக்க வேண்டும், பிறகுதான் கையெழுத்து. இந்த யோசனை தோன்றிய அன்று அவள் தன்னைத்தானே மெச்சிக்கொண்டு ஒரு கேக் வாங்கிச் சாப்பிட்டிருந்தாள்.

"நடக்கறதை வீடியோவுலகூடக் காட்டலாம். நான் இங்க பார்த்துச் சரின்னு போட்டுக்கறேன்," என்றாள் அன்னெகிரெட். பிறகு விதியை மீறி, மெதுவாக, "யாராவது இருக்காங்களா ரோசி?" என்று கேட்டாள்.

இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு ரோஸ்விதா தொலைபேசியை வைத்தாள். சாயங்காலம்வரை ஆட்களைக் கூப்பிட்டாள். இங்கபோர்க் மேல் அவளுக்கு முழு நம்பிக்கை இருந்தது. இங்கபோர்குக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. கீழ்வீட்டுக்காரி, "ஆசைதான், ஆனா என் பூனை என்ன சொல்லுமோ," என்றாள். அலுவலகத்தில் கூட வேலை பார்த்த பெண்ணுக்கு ரோஸ்விதா யார் என்று நினைவுபடுத்தவே நாலு நிமிடம் ஆயிற்று. சிறிய தாயாரின் மகள் மிக அன்பாகப் பேசினாள். அவ்வளவு அன்பாகப் பேசியதிலேயே பதில் தெரிந்துவிட்டது.

இருநூறு நாய்களுக்கு மேல் வீடு பார்த்துக் கொடுத்தவள். தன் பெயருக்கு நேராக எழுத ஒரு பெயர் இல்லை. அவளுக்கு டீடெமான் என்ற கிழவர் நினைவுக்கு வந்தார். எழுபத்தொரு வயது, மனைவியை இழந்தவர். நாய் வந்துவிடும் என்று நம்பிக் கிண்ணம்கூட வாங்கி வைத்திருந்தார். கையெழுத்துப் போட ஆள் உண்டா என்று கேட்டபோது, போடக்கூடியவர்கள் எல்லாரும் எனக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள் அம்மா என்று சிரித்தார். ரோஸ்விதா கட்டத்தில் 'இல்லை' என்று குறித்துவிட்டு, ஓரத்தில் 'மனிதர் நல்லவர்' என்று எழுதினாள். அதைக் கருணை என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தச் சாயங்காலம் அவளுக்குத் தன்மேல் பயங்கரக் கோபம் வந்தது. கோபப்பட்டு என்ன பயன், அழுகையும் வந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாசோ படிவத்தை மேசைமேல் விரித்து வைத்து ஒரு வழி சொன்னாள்.

"பேசாம என் மக பேரைப் போட்டுருவோம். கலமாட்டாவுல இருக்கா, முப்பது வயசு. அவளுக்கு நாயே புடிக்காது, ஆனா யாருக்குத் தெரியப் போவுது?"

"கூடாது."

"கிரியா ரோசி, இது ஒரு நாயோட உயிரு."

"எனக்குப் புரியுது வாசோ. பொய்யா எழுதினா, நான் நாளைக்குச் செத்தா அது மறுபடியும் தெருவுலதான் நிக்கும். அதுவும் காஸல்ல, பனியில."

"என்ன பொம்பள நீ," என்று கையை உதறிவிட்டு வாசோ சமையலறைக்குப் போனாள்.

எக்கார்ட் தன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். தடவி முடித்து, கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, "நேத்து எத்தனை பேரைக் கூப்பிட்ட?" என்று கேட்டான்.

"ஒன்பது பேர்."

"அந்தப் பூனைக்காரியைக்கூடக் கேட்ட."

"ஆமா."

"என்னை ஏன் கேக்கல?"

ரோஸ்விதா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் விளையாடவில்லை. காது மடல் சிவந்திருந்தது. சின்ன வயதிலிருந்தே மனம் புண்பட்டால் அவனுக்கு அங்கேதான் தெரியும்.

"உனக்கு நாய்னா பயம். அதுவும் என்னாலதான் அந்தப் பயம். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உன்னைக் கேக்கறது?"

"பயந்தான். பயமில்லன்னு சொன்னேனா? ஆனா கேட்டிருக்கலாம்ல? ஒன்பது பேருக்கு அப்புறம் பத்தாவதாவாச்சும் கேட்டிருக்கலாம்." அவன் எழுந்து நின்றான். "எங்க அந்தக் கயிறு?"

வாசோ சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள், கஸ்தானாவுக்குப் பட்டையை மாட்டினாள், கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டுத் தன் தொலைபேசியில் காஸலை அழைத்தாள். அன்னெகிரெட் திரையில் தெரிந்தாள். எக்கார்ட் அந்தக் கயிற்றை மின்சாரக் கம்பியைப் பிடிக்கிறவன்போல உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தான். கரையோரப் பாதையில் சின்ன மாதா கோவில்வரை போய்த் திரும்பினால் அரைமணி நேரம்.

"நீங்க முன்னால போங்க," என்றான் நாயிடம்.

"அதுக்கு எதுக்கு மரியாதை?" என்றாள் ரோஸ்விதா.

"சோதனை நேரத்துல நீன்னு பேசக்கூடாது. எல்லாருக்கும்தானே விதி?"

கஸ்தானா அவசரப்படவில்லை. படகுகளை மோந்தது, ஒவ்வொரு கல்லையும் மோந்தது. எக்கார்டின் சட்டை முதுகோடு ஒட்டிப் போய்விட்டது. உதடு அசைந்துகொண்டே இருந்தது; பிரார்த்தனையோ என்று ரோஸ்விதா கிட்டப் போய்க் கேட்டால், அவன் ஓட்டிய பதினோராம் எண் பேருந்தின் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தான். கோவில் வாசலில் நாய் திரும்பி, அவனை ஏறிட்டுப் பார்த்து, அவன் கால்மேல் உட்கார்ந்தது.

"ரோசி," என்றான், குரலே எழும்பாமல். "உக்காந்திருச்சு. நான் இப்ப என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"அதுவா எந்திரிக்கற வரைக்கும்."

ஆறு நிமிடம் நின்றான். ஐந்து வயதுப் பையனின் அதே முகம். அன்றைக்கு அந்தப் பையன் அலறியபோது, நாய்க்கு அடி விழப்போகிறதே என்றுதான் அவள் அழுதாள், தம்பிக்காக அல்ல. இத்தனை வருடம் கழித்து, நட்ட நடு வெயிலில் அது அவளுக்குச் சுருக்கென்று உறைத்தது. ஆறு நிமிடத்தை நடந்த கணக்கில் சேர்க்கலாமா என்று வாசோ கேட்டதற்கு, அன்னெகிரெட் திரையிலிருந்து, "தாராளமா," என்றாள். விண்ணப்பதாரரின் கருத்தை யாரும் கேட்கவில்லை.

உணவகத்துக்குத் திரும்பியபோது மணி பதினொன்று. கையெழுத்துப் போடச் சொல்லி ரோஸ்விதா பேனாவை நீட்டினாள். எக்கார்ட் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டி, முதல் கேள்வியிலிருந்து படிக்க ஆரம்பித்தான். உட்பிரிவுகளையும் விடவில்லை. பொடி எழுத்தில் இருந்ததையும் விடவில்லை. பதிமூன்று வருடத்தில் அந்தப் படிவத்தை முழுதாகப் படித்த முதல் ஆள் அவனாகத்தான் இருக்க வேண்டும். பதினொன்றே முக்காலுக்கு வாசோ, "இவர் என்ன பரீட்சைக்கா படிக்கறார்?" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"இங்க ஒண்ணு போட்டிருக்கு," என்றான் அவன். "முப்பத்தொண்ணுல நாலாவது உட்பிரிவு. விண்ணப்பதாரர் வருஷத்துக்கு நாலு தடவையாவது நாயோட பொறுப்பாளர் வீட்டுக்குப் போய், குறைஞ்சது ரெண்டு நாள் தங்கணும். இது நீ எழுதினதா?"

"ஆமா. நாய் அந்த வீட்டுக்குப் பழகணும்ல. அதுக்காக."

"என் வீட்டுக்கு நீ எப்ப கடைசியா வந்த?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலத்தான் கேட்டான். அவனுடைய மனைவி பேர்பெல் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. காஸலிலிருந்து அவன் இருக்கும் எம்டனுக்கு நாலரை மணி நேர ரயில். அடக்கத்துக்கு வந்தவள் அன்று சாயங்காலமே திரும்பிவிட்டாள், மறுநாள் காலை கோட்டிங்கனில் ஒரு ஸ்பானியல் நாயைப் பார்க்க வேண்டியிருந்தது. புது வீட்டுக்குப் போன நாய் எப்படி இருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிடுகிறதா, தனியாக விட்டால் அழுகிறதா என்று மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்ப்பது அவள் தவறவிடாத வழக்கம். அந்த ஸ்பானியலின் பெயர்கூட அவளுக்கு இப்போதும் ஞாபகம் இருந்தது. பிறகு எம்டன் பக்கம் அவள் போகவே இல்லை.

"அடக்கத்துக்கு," என்றாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

எக்கார்ட் தலையை ஆட்டினான். நாலு என்ற எண்ணைக் குறுக்கே அடித்து, அதற்கு மேலே பன்னிரண்டு என்று எழுதினான். பிறகு அடியில் கையெழுத்துப் போட்டான்.

"என்ன பண்ணற?"

"ரொம்ப அதிகமா? மாசம் ஒரு தடவைதான். நாய் பழகணும்ல?"

முப்பத்தாறு வருட அலுவலக வாழ்க்கை வாயில் தானாக வந்து நின்றது. "அடிச்சுத் திருத்தினா, திருத்தின இடத்துக்குப் பக்கத்துல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். இல்லேன்னா செல்லாது."

"எங்க?"

அவள் இடத்தைக் காட்டினாள். அவன் போட்டுவிட்டுப் பேனாவை அவள் பக்கம் தள்ளினான். எழுத்து சரியாகத் தெரியாததால், ரோஸ்விதா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.